கைப்பேசிக்கு மூதாதை டெலிபோனா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கைப்பேசி டெலிபோனின் வாரிசு அல்ல, டிரான்சிஸ்டர் ரேடியோவின் வாரிசு என்று சென்ற வாரக் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதை அப்படியே பள்ளிக் கட்டுரையில் எழுதிவிட்டாள். தந்தி, டெலிபோன், கம்ப்யூட்டர், செல்போன் என்பதுதான் வரிசை என்று டீச்சர் அடித்துவிட்டார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. நான் தினமும் பாலக்காட்டுப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் இருக்கும் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) ஆலையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அங்கே செய்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு உங்கள் கதையில் இடமே இல்லையா?

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

மதிப்பெண் போனதற்கு உங்கள் மகளிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். ஆனால் அந்த வரியை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வீட்டு டெலிபோனை நினைத்துப் பாருங்கள். ஊரெல்லாம் கரண்ட் போனாலும் அது மட்டும் மணியடிக்கும். எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரிகள்தான் காரணம். பேச்சு வந்த அதே கம்பியில் மின்சாரமும் வந்தது. யாரை யாரோடு இணைப்பது என்கிற மூளை வேலையும் எக்ஸ்சேஞ்சிலேயே நடந்தது. ஆகவே மின்சாரத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய நெருக்கடி டெலிபோனுக்கு வந்ததே இல்லை. சட்டைப்பையில் போகிற எந்தப் பொருளுக்கும் முதல் நெருக்கடி அதுதான்.

அதில் முதலில் மாட்டிக்கொண்டது ரேடியோ. வால்வு என்றால் சிக்னலைப் பெருக்கிய கண்ணாடிக் குழாய். வால்வு ரேடியோவில் ஒவ்வொரு வால்வுக்குள்ளும் ஓர் இழை சூடாகிக்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடிய வால்வு ரேடியோக்களும் இருந்தன. தூக்கினால் கை வலிக்கும், பேட்டரி மாற்றினால் காசு கரையும். 1947 டிசம்பரில் பார்டீனும் பிராட்டெயினும் செய்துகாட்டிய டிரான்சிஸ்டர் அதே வேலையைச் செய்யும் சின்னத் துண்டு, அதற்கு அந்தச் சூடு தேவைப்படவில்லை. அவர்கள் வேலை பார்த்தது பெல் டெலிபோன் கம்பெனியின் ஆய்வகத்தில்தானே என்று நீங்கள் மடக்கலாம். உண்மைதான். ஆனால் அவர்கள் மனதில் இருந்தது எக்ஸ்சேஞ்சும் தொலைதூர லைனும், சட்டைப்பை அல்ல. டிரான்சிஸ்டரைக் கைக்குள் கொண்டுவந்தது 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டிஆர்-1 ரேடியோ. நாலே டிரான்சிஸ்டர், விலை 49.95 டாலர்.

நம் பக்கம் என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கூடத்தில் இருந்த பெரிய செட்டில் எல்லோருக்கும் ஒரே நிலையம். சின்னப் பெட்டி வந்ததும் ஒருவர் திருச்சூர் நிலையத்தில் மலையாளச் செய்தி கேட்பார், தென்னந்தோப்பில் தண்ணி கட்டுகிறவர் இலங்கை வானொலியில் தமிழ்ப்பாட்டு கேட்பார். பேட்டரிக்கட்டை தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவார்கள். ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு சார்ஜ் கவலை. இரண்டும் அன்றைக்கே வந்துவிட்டன.

சரி, ரேடியோவிலிருந்து ஒரே தாவலில் கைப்பேசியா? இல்லை. நடுவில் வந்தவை கால்குலேட்டரும் கைக்கடிகாரமும். பட்டியல் போடுகிறவர்கள் இவற்றை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. இன்டெல்லின் முதல் நுண்செயலியான 4004 (1971), பிசிகாம் என்ற ஜப்பானியக் கம்பெனியின் கால்குலேட்டருக்காகச் செய்யப்பட்டது. அதைவிட முக்கியம் 1963இல் ஃபிராங்க் வான்லாஸ் என்ற பொறியாளர் கொண்டுவந்த சீமாஸ் (CMOS) என்ற டிரான்சிஸ்டர் சுற்று. சும்மா இருக்கும்போது அது கிட்டத்தட்ட மின்சாரமே எடுக்காது. ஆனால் வேகம் குறைவு. வேகம் வேண்டிய கம்ப்யூட்டர்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கடிகாரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1972இல் வந்த பல்சர் டிஜிட்டல் கடிகாரத்தில் பித்தானை அழுத்தினால்தான் மணி தெரியும். சிவப்பு எண்கள் எந்நேரமும் எரிந்தால் பேட்டரி தாங்காது. மறுவருடமே ஷார்ப் கம்பெனி சீமாஸ் சில்லையும் திரவப் படிகத் (எல்.சி.டி.) திரையையும் சேர்த்து இஎல்-805 என்ற கால்குலேட்டரைச் செய்தது. ஒற்றை பென்டார்ச் பேட்டரியில் 100 மணி நேரம் ஓடியது. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பொருள் இதுதான். இன்று உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லும் சீமாஸ் வம்சம்தான்.

அதே 1973இல், ஏப்ரல் 3 அன்று, மோட்டரோலா கம்பெனிப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தார். கருவியின் எடை ஒரு கிலோவுக்கு மேல். ஏறக்குறைய அரைமணி நேரம் பேசலாம், பிறகு பத்து மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும். அவ்வளவு நேரம் அதைக் கையில் தூக்கிப் பிடிக்கவே முடியாது, அதனால் பேட்டரி ஒரு பிரச்சினையாக இல்லை என்று அவரே பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார். அந்தக் கஷ்டம் தீர, விட்டிங்ஹாம், குடினஃப், யோஷினோ என்ற விஞ்ஞானிகள் மூவரின் உழைப்பில் உருவான லித்தியம்-அயன் பேட்டரி வர வேண்டியிருந்தது. 1991இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் நோபல் கிடைத்தது 2019இல்தான்.

இனி கஞ்சிக்கோடு. ஊரைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு டவர் வைக்கலாம் என்ற யோசனை பெல் ஆய்வகத்தினுடையது, அதுவும் 1947இலேயே. டவர்களுக்குப் பின்னால் இருப்பது இன்றும் எக்ஸ்சேஞ்ச்தான். இதை நம் எல்லைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. ரோமிங் காசு பிடித்த காலத்தில், எல்லையோர வேலந்தாவளத்தில் கேரள சிம் வைத்திருந்தவர் தன் வீட்டு வாசலில் நின்றாலே தமிழ்நாட்டு டவர் இழுத்துக்கொள்ளும், காசு போய்விடும். எந்த மாநிலத்து டவரில் நிற்கிறார் என்று கணக்கெழுதியது கையில் இருந்த கருவி அல்ல, அந்த எக்ஸ்சேஞ்ச்.

அந்த மட்டுக்கு டீச்சர் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அடுத்த முறை எழுதும்போது டெலிபோனையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஷார்ப் கால்குலேட்டரை மட்டும் அடிக்க விடவேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்