1940களின் செம்மறித்தோல் விமானி ஜாக்கெட்டை இன்றும் அணியலாமா? அக்குள் கிழிசலை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி கேட்டவர் தந்துள்ள விவரம் இது. பிரிட்டிஷ் விமானப்படையின் இர்வின் ஜாக்கெட் என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றை அவர் வாங்கியிருக்கிறார். அதன் இடது அக்குளில் இரண்டு அங்குலக் கிழிசல் உள்ளது. தோல் விறைத்திருப்பதால் எண்ணெய் பூசி, தையல் இயந்திரத்தில் உறுதியான நைலான் நூலால் தைத்துவிட்டால் குளிர்காலம் முழுவதும் அணியலாம் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார்.

எண்ணெயும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம், நைலான் நூல் வேண்டவே வேண்டாம் என்பதே என் பதில். பல ஆண்டுகளாக இந்த ஜாக்கெட்டுகளைச் சேர்த்தும் அணிந்தும் பழுதுபார்த்தும் வருகிறேன். போடும் ஒட்டும் தையலும் எப்போதும் பழைய தோலைவிட வலுக் குறைந்தவையாக இருக்க வேண்டும் என்பதுதான் அதில் நான் கற்ற முதல் பாடம். இழுபடும்போது ஏதேனும் ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நூல் அறுந்தால் ஒரு மாலைப்பொழுதில் மீண்டும் தைத்துவிடலாம். தோல் கிழிந்தால் அந்தத் தோலைத் திரும்பப் பெற வழியே இல்லை.

இந்த ஜாக்கெட் எதற்காகப் பிறந்தது என்பதை அறிந்தால், அதன் வலிமையும் பலவீனமும் எங்கே இருக்கின்றன என்பது விளங்கும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. 25,000 அடியில் அது மைனஸ் 35 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் காலத்துக் குண்டுவீச்சு விமானங்களில் சூடேற்றும் வசதி சில இருக்கைகளுக்கு மட்டுமே ஓரளவு எட்டியது; திறந்த சாளரத்தின் அருகே துப்பாக்கியோடு நின்றவர்களின் விரல்கள் பனிக்கடியால் கருகின. இந்தக் குளிருக்கு விடையாக உரோமம் உள்ளேயும் தோல் வெளியேயும் இருக்கும்படி தைத்த மேலங்கிகள் வந்தன. பிரிட்டனில் இதற்குப் பெயர் தந்தவர் லெஸ்லி இர்வின் என்னும் அமெரிக்கர். 1919 ஏப்ரல் 28 அன்று ஒஹாயோவின் மெக்குக் களத்தில், விமானத்திலிருந்து குதித்து, சிறிது தூரம் விழுந்த பின் தானே கயிற்றை இழுத்துப் பாராசூட்டை விரித்துக் காட்டியவர் அவர். பின்னர் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் பாராசூட் தொழிற்சாலை அமைத்தார். 1930களின் தொடக்கத்தில் அவருடைய ஜாக்கெட் பிரிட்டிஷ் விமானப்படைக்குச் சென்றது. அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1934இல் பி-3 என்னும் தன் வடிவத்தை ஏற்றது. போரின் நடுவில், 1943 வாக்கில், மின்சாரத்தால் சூடேறும் உடைகளும் அல்பாக்கா உரோமம் வைத்துத் தைத்த துணி ஜாக்கெட்டுகளும் வரவே, பருமனான செம்மறித்தோல் படிப்படியாக ஒதுங்கியது.

செம்மறித்தோலின் குறை அதன் உடற்கூற்றிலேயே இருக்கிறது. குதிரைத்தோலிலும் மாட்டுத்தோலிலும் மேற்பகுதியும் உட்பகுதியும் நார்களால் இறுகப் பின்னிக் கிடக்கின்றன. செம்மறியில் இந்த இரண்டுக்கும் நடுவே கொழுப்பு மிகுதி. பதனிடும்போது கொழுப்பு நீங்க, அது இருந்த இடம் பொள்ளலாகிவிடுகிறது. புதிதாக இருக்கும்போதே எளிதில் கிழியக்கூடிய தோல் இது. எண்பது ஆண்டுகள் ஆன பிறகு சொல்லவே வேண்டியதில்லை. அமெரிக்கர்கள் பி-3இன் கைப்பகுதியில் குதிரைத்தோலை வைத்துத் தைத்ததற்குக் காரணமும் இதுதான்.

நான் முதலில் வாங்கிய இர்வினில் எனக்கு முன்பே யாரோ ஒருவர் அக்குளைத் தைத்திருந்தார். பளபளக்கும் நைலான் நூல், நெருக்கமான இயந்திரத் தையல், பார்வைக்கு மிக நேர்த்தி. மூன்றாம் முறை அணிந்தபோது மேலே இருந்த ஒரு பொருளை எடுக்கக் கையை உயர்த்தினேன். தபால்தலைத் தாளைத் துளைவரிசையில் கிழிப்பதுபோல, அந்தத் தையலை ஒட்டி நான்கு அங்குல நீளத்துக்குத் தோல் பிரிந்தது. நூலில் ஓர் இழைகூட அறவில்லை. விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு துளையும் நூல் இழுத்த பக்கமாக நீண்டு, அடுத்த துளையோடு சேர்ந்திருந்தது. கிழிசலின் ஓரத்தில் செந்நிறத் தூள் உதிர்ந்தது. இனி யாருடைய ஜாக்கெட்டிலும் இப்படி நேரக் கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்களுடையது உண்மையிலேயே போர்க்காலத்து இர்வின்தானா என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்துப் பட்டைச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். அதைப் போலச் செய்வது எளிது. அசல் இர்வினில் வெளிப்பைகள் கிடையாது. மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கிச் செல்லும் நீண்ட ஜிப்கள் இருக்கும். கனமான கையுறையை மாட்டிக்கொள்ள இடம் வேண்டும் அல்லவா? அக்குளில் காற்றோட்டத்துக்குப் பித்தளைக் கண்கள், அதாவது பித்தளை வளையமிட்ட சிறு துளைகள், இருக்கும். ஜிப்பின் இழுவையில் டாட், லைட்னிங், ஏரோ போன்ற அக்காலப் பிரிட்டிஷ் ஜிப் பெயர்கள் வந்தால் நம்பிக்கை கூடும், ஒய்.கே.கே. என்னும் ஜப்பானிய ஜிப் நிறுவனத்தின் பெயர் இருந்தால் ஜிப்பையோ ஜாக்கெட்டையோ பிற்காலத்தது என்று கொள்ளலாம். முதுகு ஒரே பெரிய துண்டாக இருந்தால் பெரும்பாலும் முற்காலத்து வெட்டு. போர் முற்றத் தோல் தட்டுப்பாடு வந்ததால் சிறு துண்டுகளை இணைத்துத் தைத்தார்கள். ஆகவே தையல்கள் மிகுதியாக இருப்பதைக் கண்டு போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இனி, அணியலாமா என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு விடை சொல்ல வேண்டியது அதன் வயதல்ல, தோல்தான். வெள்ளைப் பருத்தித் துணியால் அக்குளருகிலும் கீழ் விளிம்பிலும் மெல்லத் துடையுங்கள். துணியில் செம்பழுப்புத் தூள் ஒட்டினால், அமிலத்தால் தோலின் நார்கள் சிதையத் தொடங்கிவிட்டன என்று பொருள். அந்த ஜாக்கெட்டை அணியக் கூடாது. அருங்காட்சியகங்களில் இத்தகைய தோலுக்கு ஹைட்ராக்ஸிபுரொப்பைல் செல்லுலோஸ் என்னும் பொருளை எத்தனாலில் நீர்க்கக் கரைத்துப் பூசுகிறார்கள். தூள் உதிர்வது நிற்கும், இழந்த வலு திரும்பாது. தூள் ஒட்டவில்லை என்றால், விளிம்பில் ஒரு சிறு பகுதியை இரு விரல்களுக்கிடையே மெதுவாக மடியுங்கள். வெடிப்பு விடாமல் மடிந்து, விட்டதும் திரும்பினால் அணியலாம். அமெரிக்க ஜாக்கெட்டுகளில் மட்டும் ஒரு குழப்பம் நேரும்: அவற்றின் மேற்பூச்சு, பழைய சுவரில் சாயம் உரிவதுபோலச் செதில் செதிலாக எழும்பும். அதைத் தோலின் சிதைவு என்று எண்ணிப் பலர் பயந்துவிடுகிறார்கள். அடியில் உள்ள தோல் நலமாகவும் இருக்கலாம். அதைத்தான் சோதிக்க வேண்டும்.

சோதனையில் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு கிழிசலுக்கு வருகிறேன். முதலில் அது தையல் விட்ட இடமா, தோலே கிழிந்த இடமா என்று பாருங்கள். பெரும்பாலும் பருத்தி நூல் இற்றுப்போய்த்தான் வாய் பிளந்திருக்கும். அப்படியானால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இற்ற நூலைச் சிறு கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி, இடுக்கியால் எடுத்துவிடுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். பிறகு, நுனி மழுங்கிய ஊசியில் மெழுகு தேய்த்த பருத்தி நூலைக் கோத்து, பழைய துளைகளிலேயே கையால் தையுங்கள். தோலுக்கென்று விற்கும் மூன்று பட்டை ஊசி இங்கே எதிரி. அது குத்தவில்லை, வெட்டுகிறது. புதிய துளை ஒன்றுகூட விழக் கூடாது என்ற உறுதியோடு உட்காருங்கள். துளை கண்ணுக்குத் தெரியாவிட்டால், விளக்கை உட்புறமாகப் பிடித்து உரோமத்தைச் சீப்பால் ஒதுக்கினால் ஒளிப்புள்ளியாகத் தெரியும். இரண்டு அங்குலத் தையலுக்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அதில் பாதி துளைகளைத் தேடுவதில் போய்விடும். நூலை இறுக்காமல், இரு ஓரங்களும் தொட்டுக்கொண்டால் போதும் என்ற அளவில் நிறுத்துங்கள்.

தோலே கிழிந்திருந்தால் வேலை கடினம். ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்கக் கூடாது; பின்னால் ஓர் ஒட்டு வைத்து, இழுவை முழுவதையும் அது பரவலாகத் தாங்கும்படி செய்ய வேண்டும். ஆனால் உட்புறம் முழுவதும் உரோமம் இருப்பதால் பசை தோலைச் சென்று சேராது. கிழிசலைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு உரோமத்தைக் கட்டையாக வெட்டித்தான் ஆக வேண்டும். இதைச் செய்ய மனம் வராது என்பது எனக்குத் தெரியும். முதல் முறை நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். வெட்டிய இடத்தில், ஓரங்களைச் சீவி மெல்லியதாக்கிய மென்தோலை, காய்ந்த பிறகும் வளையும் பசையால் ஒட்டுங்கள். சுற்றியுள்ள உரோமம் அதன்மேல் சாய்ந்து மறைத்துவிடும். நொடியில் பிடிக்கும் பசைகள் கண்ணாடிபோல் இறுகி, தம் விளிம்பிலேயே புதிய கிழிசலை உண்டாக்கும். அவற்றைத் தொடவே வேண்டாம். உங்கள் கிழிசல் தையலுக்கு இணையாகவே ஓடினால் இன்னொரு நல்ல வழி உண்டு. இந்த ஜாக்கெட்டுகளின் முதன்மைத் தையல்களின்மேல் மெல்லிய தோல் நாடா ஓடுகிறது. அதைப் பிரித்து, அரை அங்குலம் அகலம் கூடிய நாடா ஒன்றை அதே இடத்தில் பொருத்தினால் கிழிசல் அதற்குள் அடங்கிவிடும். பிரித்த பழைய நாடாவை எறியாமல், சீட்டெழுதிப் பையிலிட்டு ஜாக்கெட்டோடு வைத்திருங்கள்.

எண்ணெய் குறித்து: விறைத்த தோல் எண்ணெயால் சில வாரங்கள் மென்மையாகத் தோன்றும். பின்னர் அது உரோமத்தின் வேரில் இறங்கிப் பிசுபிசுக்கும், தோல் கருக்கும், மேற்சாயம் நெகிழும், பின்னால் வைக்கும் எந்த ஒட்டும் பிடிக்காது. அக்குளின் பித்தளைக் கண்களைப் பாருங்கள். அங்கே மெழுகுபோல் பச்சைக் களிம்பு கட்டியிருந்தால், செம்பு கலந்த உலோகம் தோலிலுள்ள கொழுப்போடு வினைபுரிந்திருக்கிறது என்று அறியலாம். எண்ணெய் பூசுவது அதற்குத் தீனி போடுவதாகும். களிம்பை மரக்குச்சியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்ணீரில் நனைப்பதும் வெப்பத்தில் உலர்த்துவதும் அதைவிடக் கேடானவை. ஈரமான பழைய தோல் சூடுபட்டால் சுருங்கிக் கொம்புபோல் ஆகிவிடும். தற்செயலாக மழையில் நனைந்தால் அறைக்காற்றிலேயே நாள் கணக்கில் உலர விடுங்கள்.

அணியும்போது பெரும்பாலான சேதம் நடையில் வருவதில்லை. உட்காரும்போதும் கை நீட்டும்போதும் வருகிறது. வண்டியில் ஏறும் முன் கழற்றிவிடுங்கள். தோளில் பை மாட்டாதீர்கள். ஜிப்பை ஏற்றும்போது கீழ் முனைகள் இரண்டையும் ஒரு கையால் நேராகப் பிடித்துக்கொண்டு ஏற்றுங்கள். பற்களில் பென்சில் கரியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு செல்லும். உடலை ஒட்டி இறுக்கமாக இருக்கும் அளவை அணியவே கூடாது, அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கழற்றிய பின் மெல்லிய கம்பியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே தோள்பட்டை கிழியும்; அகன்ற, பஞ்சு வைத்த தாங்கி வேண்டும், இடமிருந்தால் படுக்கவைப்பது இன்னும் நல்லது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். உரோமத்தில் வழுக்கை விழுந்ததுபோன்ற திட்டும் மணல்போன்ற எச்சமும் தெரிந்தால் அந்துப்பூச்சியின் புழு தின்கிறது என்று பொருள். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல், அறையின் வெப்பநிலைக்கு அது வரும்வரை ஒரு முழு நாள் காத்திருங்கள். நீர்த்துளிகள் பையின் வெளிப்புறத்தில் படியும், தோலில் படியாது. புதிதாக வாங்கிய எந்த ஜாக்கெட்டையும் இதைச் செய்யாமல் மற்றவற்றோடு நான் சேர்ப்பதில்லை. உங்களுடையதையும், ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன், முதலில் இப்படி உறைய வையுங்கள்.