கிளிமஞ்சாரோவின் தண்ணீர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பிப்ரவரியில் தான்சானியா செல்கிறேன். கிளிமஞ்சாரோ சரிவில், மோஷி ஊரக மாவட்டத்தில், மராங்கு பக்கம் ஒரு பள்ளியில் ஆறு மாதம் கணிதம் சொல்லித்தரும் வாய்ப்பு. மலையின் பனி விரைவில் முழுதும் உருகிவிடும் என்று ஓர் ஆவணப்படத்தில் பார்த்தேன். அதன்பிறகு அந்த மக்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? நான் வேளாண் பொறியியல் படித்தவன். பள்ளி நேரம் போக, அவர்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனமும் நீர்ச் சேமிப்பும் கற்றுக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சைவ உணவு கிடைக்குமா, குளிருமா, சுவாஹிலி தெரிந்திருக்க வேண்டுமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சைவத்துக்குக் குறைவில்லை. வாழைக்காயும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த கிபுரு, மக்காச்சோள மாவுக் களியான உகாலி, கீரை, அவகாடோ, சேப்பங்கிழங்கு எல்லாம் அன்றாட உணவு. ம்தோரி என்னும் வாழைக்காய்ச் சூப்பில் மட்டும் இறைச்சி இருக்கும். ஜூன், ஜூலையில் குளிரும், ஒரு கம்பளிச் சட்டை போதும். பெரியவர்களைக் கண்டால் ‘ஷிகமோ’ சொல்லுங்கள், ‘மரஹபா’ என்று பதில் வரும். அவர்களின் கடிகாரம் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ‘மணி இரண்டு’ என்று சுவாஹிலியில் சொன்னால் காலை எட்டு. முதல் வாரம் வகுப்புக்குத் தாமதமாகாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

இனி தண்ணீர். சில வாரங்களாக நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தை உங்கள் கடிதம் நேராகத் தொட்டுவிட்டது.

1848 மே மாதம் யோஹானஸ் ரெப்மன் என்ற பாதிரியார் அந்த மலையில் பனியைக் கண்டு எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பனியா என்று லண்டனில் சிலர் நம்ப மறுத்தார்கள். அன்று முதல் வெளியிலிருந்து வருகிறவர்களின் கண் அந்த உச்சியை விட்டு இறங்கவே இல்லை. உங்கள் ஆவணப்படமும் அப்படித்தான். பனி குறைகிறது என்பது உண்மை. 1912-இல் ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் இருந்தது, 2011-இல் இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் சரிவின் ஊற்றுகள் அதை நம்பி இல்லை. உச்சியின் வறண்ட குளிர்காற்றில் பனியின் பெரும்பகுதி நீராகாமலே ஆவியாகிப் போய்விடுகிறது.

நீர் வருவது காட்டிலிருந்து. சுமார் 1,800 மீட்டர் முதல் 3,000 மீட்டர் வரை மலையைச் சுற்றி ஒரு பச்சைப் பட்டையாகக் காடு நிற்கிறது. தெற்குச் சரிவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் இடங்கள் அதில் உண்டு. ஒரே ஒரு சதுர கிலோமீட்டரில் 2,000 மில்லிமீட்டர் பெய்தால் அது 20 லட்சம் கனமீட்டர் நீர். அந்தக் காடு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர். மிச்சமிருக்கும் பனியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது ‘அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம்’ என்ற உங்கள் வரி. நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனாலும் தம்பி, படித்தவர்கள் ஒரு ஊருக்குள் கால் வைக்கும் முன்பே செய்யும் தவறு இதுதான். அந்தச் சரிவில் வாழும் சாகா (Chagga) என்னும் இனத்து மக்கள், ஐரோப்பியர் எவரும் அங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மலையோடைகளை வாய்க்காலாகத் திருப்பி வாழ்கிறார்கள். அந்த வாய்க்காலுக்கு ம்ஃபோங்கோ என்று பெயர்.

நில அமைப்பைப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். ஆறுகள் மலையிலிருந்து கீழ்நோக்கி ஆழமான பள்ளங்களை அறுத்துக்கொண்டு இறங்குகின்றன. வீடுகளும் தோட்டங்களும் பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேட்டு முதுகுகளில். நீர் காலடியில் ஓடும், எட்டாது. ஆகவே பல கிலோமீட்டர் மேலே போய், ஓடை இன்னும் ஆழமாகாத இடத்தில் நீரைப் பிடிக்கிறார்கள். பள்ளத்தின் பக்கச்சுவரில், ஓடையின் சரிவைவிட மிக மெல்லிய சரிவில் வாய்க்காலை ஓட்டிவந்து முதுகின் மேல் ஏற்றுகிறார்கள். நீர்மட்டக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் வெட்டியவை இவை. சரிவு அதிகமானால் நீர் மண்ணை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். குறுக்கே சிறு பள்ளம் வந்தால் குடைந்த மரத்தொட்டியில் நீரைத் தாண்டவைப்பார்கள்.

தலைமடையைக் கல், கட்டை, வாழைத்தண்டு, புல்கட்டி கொண்டு கட்டுகிறார்கள். பார்த்தவுடன் பொறியாளருக்குக் கான்கிரீட் போடத் தோன்றும். பெருவெள்ளம் வரும்போது அந்தத் தளர்ந்த தடுப்பு முதலில் உடைந்து நீரை ஓடையிலேயே விட்டுவிடுகிறது, கீழே பல கிலோமீட்டர் வாய்க்கால் பிழைத்துக்கொள்கிறது. தடுப்பைத் திரும்பக் கட்ட கொஞ்சம் பேரும் கொஞ்ச நேரமும் போதும். அசையாத கான்கிரீட் மடை, அதைத் திறந்து மூட ஆள் இல்லாவிட்டால், வெள்ளத்தை வாய்க்காலுக்குள்ளேயே தள்ளிக் கரையைப் பெயர்த்துவிடும்.

இனி ந்துவா. இதுதான் நீங்கள் கற்றுக்கொடுக்க நினைக்கும் ‘நீர்ச் சேமிப்பு’. வாய்க்காலின் வழியில் மண்கரை கட்டிய சிறு குளம். இரவில் நிரம்பும், காலையில் அடைப்பை எடுப்பார்கள். ஏன் நேராக ஓடவிடக் கூடாது? கணித ஆசிரியராகப் போகிறீர்கள், போட்டுப் பாருங்கள். வாய்க்காலில் வினாடிக்கு 2 லிட்டர் வருகிறது, வழியில் மண் 1.5 லிட்டரை உறிஞ்சிவிடுகிறது என்று வையுங்கள். பத்து மணி நேரம் ஓடவிட்டால் கடைமடைக்குச் சேர்வது 18,000 லிட்டர். அதே பத்து மணி நேர நீரைக் குளத்தில் தேக்கி இரண்டு மணி நேரத்தில் திறந்தால் வினாடிக்கு 10 லிட்டர் ஓடும். வாய்க்கால் நிறைய ஓடுவதால் உறிஞ்சலும் கூடி 2 லிட்டராகிவிட்டது என்றே கொண்டாலும் கடைமடைக்கு 57,600 லிட்டர் போய்ச் சேரும். நீர் அதேதான். முதல் வகுப்பில் இந்தக் கணக்கையே போடச் சொல்லலாம். தாத்தா வீட்டுக் குளத்தைப் பற்றிய கணக்கு என்று பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

முறைநீர் உண்டு. வாய்க்காலை வெட்டியவர்களின் வழிவந்தோர் ஒரு கூட்டமாக இருந்து, யாருக்கு எந்த நாள், எந்த நேரம் என்று வகுக்கிறார்கள். தூர் வாரும் நாளில் வராதவருக்கு அபராதம். குடிமராமத்து என்ற சொல் நம்மிடம் உண்டு, அவர்களிடம் அந்த வேலை.

இந்த நீர் போய்ச் சேரும் கிஹம்பா என்னும் வீட்டுத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயை எங்கே போடுவீர்கள்? மேலே சில்வர் ஓக்கும் அவகாடோவும், அடுத்து வாழை, அதன் நிழலில் காப்பி, தரையில் சேப்பங்கிழங்கும் பீன்ஸும். கொட்டிலில் ஓரிரு மாடுகள். வாழைமட்டை மாட்டுக்கு, சாணம் வாழைக்கு. மீதித் தீவனத்துக்குக் கீழே சமவெளியில் உள்ள ஷம்பா என்னும் வயலிலிருந்து மக்காச்சோளத் தட்டையும் புல்லும் மேட்டில் ஏற வேண்டும். அதைத் தலைச்சுமையாக ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். சொட்டுநீர்க் குழாய்க்கு வருவோம். இந்தச் சரிவில் பத்து மீட்டர் இறக்கத்துக்குக் குழாய்நீரின் அழுத்தம் ஒரு ‘பார்’ (bar) அளவு கூடும். நாற்பது மீட்டர் மேலிருந்து வரும் குழாய் இடையில் ஒரு தொட்டி இல்லாவிட்டால் இணைப்பில் பிய்த்துக்கொள்ளும். வாய்க்கால் வண்டல் சொட்டுவாய்களை அடைத்துவிடும். தவிர, காப்பிப் பழத்தைக் கைப்பொறியில் தோலுரித்து, ஓரிரு நாள் புளிக்கவிட்டு, பிசின் போகக் கழுவ வேண்டும். அதற்கு ஓடும் நீர் வேண்டும், சொட்டுகிற நீர் உதவாது.

வாய்க்காலில் கசிந்து நிறைய நீர் வீணாகிறது என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. கீழே பங்கானி ஆற்றில் நியும்பா யா முங்கு அணையும் மின்நிலையங்களும் இருப்பதால் அவர்களின் கவலையும் நியாயமே. ஆனால் கசிந்த நீரில் ஒரு பங்கு வழியிலுள்ள வாழையும் மரமும் குடிப்பது, இன்னொரு பங்கு கீழே ஊற்றாக எழுவது. அதையெல்லாம் வீண் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பயப்படத்தான் வேண்டுமென்றால் தீக்குப் பயப்படுங்கள். காட்டின் மேல்விளிம்பில் எரிகா மரங்கள் மேகத்தின் ஈரத்தைக் கிளைகளில் வடித்துக் கீழே சொட்டுகின்றன. தீ ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பைக் கீழே தள்ளுகிறது. 2020 அக்டோபரிலும் மலை எரிந்தது. இரண்டாவது பயம் ஆள் இல்லாமை. 1989-இல் உலகக் காப்பி ஒப்பந்தம் குலைந்து விலை வீழ்ந்தபின் இளைஞர்களுக்குத் தோட்டத்தில் பிடிப்புக் குறைந்தது. நிலமோ மகன்களுக்குள் துண்டாகிக்கொண்டே வருகிறது. பலர் அருஷாவிலும் தார் எஸ் ஸலாமிலும் இருக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்கு ஊர் நிறையும், ஜனவரியில் காலியாகும். தூர் வார ஆள் சேராத வாய்க்கால் சில ஆண்டுகளில் தூர்ந்துவிடும்.

அந்த ஊரில் ராகி ஊறவைத்து முளைகட்டுவதைப் பார்ப்பீர்கள். நம் கேழ்வரகேதான், ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து நமக்கு வந்த தானியம். முளைகட்டிய மாவோடு, வேகவைத்துப் புளித்த வாழைப்பழச் சாறும் ம்செசெவே மரப்பட்டையின் கசப்பும் சேர்ந்தால் ம்பெகே என்னும் உள்ளூர் பீர். நீங்கள் குடிக்காவிட்டாலும் சுரைக்குடுவை கைமாறும் இடத்தில் உட்காருங்கள். வாய்க்கால் பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும்.

மார்ச் மாதம் மசிகா என்னும் நீண்ட மழைக்காலம் தொடங்கும், ஏப்ரலிலும் மேயிலும் கொட்டும். சமவெளியில் மக்காச்சோளம் ஊன்றுவதும் அப்போதுதான். செம்மண் பாதை வழுக்கும், ஆகவே முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் மோஷி சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். பிப்ரவரி வறண்ட மாதம், வாய்க்காலில் வேலை இருக்கும். தூர் வாரும் நாள் எது என்று பள்ளியில் விசாரித்து, ஒரு மண்வெட்டி இரவல் வாங்கிக்கொண்டு போய் நில்லுங்கள்.