ஸ்டுட்கார்ட்டில் பழைய பென்ஸ் வாங்கலாமா?

தம்பி, வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, 2005 மாடல் பென்ஸ் இ 350 ஒன்று 4,200 யூரோவுக்கு வருகிறது, 2,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அதே காசுக்கு ஒரு பழைய போலோதான் கிடைக்கும், எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

போலோவை எடுங்கள். பென்ஸே ஆகாது என்று சொல்லவில்லை, அந்த வருடத்து இ 350 மட்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

டபிள்யூ 211 என்று இங்கே எல்லோரும் சொல்கிற அந்த இ கிளாஸ் 2002 முதல் 2009 வரை வந்தது. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிண்டெல்ஃபிங்கனில்தான் செய்தார்கள். அதனால் தெருவுக்கு ஒன்று நிற்கும், விலையும் மலிவு. ஆனால் விழுந்தது வண்டியின் விலைதான். பாகங்களின் விலை விழவில்லை, ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரக் கூலி நூறு யூரோவைத் தாண்டிவிட்டது. யானையை 4,200க்கு வாங்கிவிடலாம், தீனி போடுவதுதான் பாடு.

முதலில் பிரேக். 2006இல் முகப்பை மாற்றும் வரை வந்த டபிள்யூ 211இல் எஸ்பிசி என்ற மின்சார பிரேக் இருக்கும். நீங்கள் மிதிப்பதை சென்சார் படித்துச் சொல்ல, ஒரு பம்ப் சேர்த்து வைத்திருக்கும் அழுத்தத்தால் பிரேக் பிடிக்கும். காலையில் பூட்டைத் திறந்து கதவை இழுத்தாலே பானெட்டுக்கு அடியில் 'விர்ர்' என்று ஒரு சத்தம் வரும், அதுதான் அந்த பம்ப். இதற்காக பென்ஸ் 2004இல் 6,80,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2005இல் 13 லட்சம் வண்டிகளை அழைத்தபோது பிரேக்கோடு ஆல்டர்னேட்டர், பேட்டரி விவகாரங்களும் சேர்ந்திருந்தன. எத்தனை முறை பிரேக் பிடித்தோம் என்று இந்த யூனிட் தனக்குள் எண்ணிக்கொண்டே வரும். கணக்கு முடிந்ததும் ஒர்க்‌ஷாப்புக்குப் போ என்று டேஷ்போர்டில் எழுதிவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டி பம்ப் கைவிட்டால் முன் சக்கரங்களில் மட்டும்தான் பிரேக் பிடிக்கும், அதுவும் முழு பலத்தோடு மிதித்தால். புது யூனிட் ஆயிரம் யூரோவுக்கு மேல். இன்னொன்று, யூடியூப் பார்த்து நீங்களே பிரேக் பேடு மாற்றலாம் என்ற எண்ணம் இருந்தால் இந்த வண்டியில் கூடாது. கம்ப்யூட்டரை மாட்டி அமைப்பை முடக்காமல் கை வைத்தால், யாராவது சாவியை அழுத்தினால் போதும், பேடு தானாக மூடி விரலை நசுக்கிவிடும்.

அடுத்தது எஞ்சின். இந்த வண்டியை நான் வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். இ 350இல் இருப்பது எம் 272 என்ற வி6, 272 குதிரைசக்தி, ஓட்டினால் ஆசையாக இருக்கும். ஆனால் 2004 முதல் 2006 வாக்கில் செய்த எஞ்சின்கள் பலவற்றில் பேலன்ஸ் ஷாஃப்ட் என்ற, அதிர்வைக் குறைக்கும் தண்டின் பல்சக்கரம் மென்மையான உலோகத்தில் வந்துவிட்டது. பல் தேயத் தேய செயின் தளரும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டின் டைமிங் தப்பும், எஞ்சின் விளக்கு எரியும். அந்தச் சின்னச் சக்கரத்தை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். கூலியே நீங்கள் கொடுக்கும் விலையை நெருங்கிவிடும். விற்பவர் "சென்சார்தான் சார், சின்ன விஷயம்" என்பார். அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஏர்மேட்டிக் என்ற காற்று சஸ்பென்ஷன் இருந்தால், இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் டயர் மேல் உட்கார்ந்த மாதிரி தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்துக் காற்றுப்பையோ வால்வோ கசிகிறது. கசிவைச் சரிசெய்யாமல் விட்டால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து தூக்கி வைத்திருப்பார், ஆகவே பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

மின்சாரக் கோளாறுகளில் பாதி பேட்டரியோடு முடிந்துவிடும். இந்த வருடத்து வண்டியில் பேட்டரி இரண்டு, பெரியது டிக்கியில். அது பலவீனமானால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகள் வரிசையாக வரும். மீதிப் பாதிக்குக் காரணம் தண்ணீர். பின்விளக்கின் ரப்பர் வழியே மழைநீர் டிக்கிக்குள் இறங்கி, பின்பக்க மின்சாரங்களை நடத்தும் பெட்டியை நனைத்துவிடும். டிக்கி விரிப்பைத் தூக்கிக் கையால் தடவுங்கள். கியர்பாக்ஸ் ஏழு கியர், குளிராக இருக்கும்போதும் சூடானபிறகும் உதறாமல் மாறுகிறதா என்று பாருங்கள். ஆயில் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ட்யூஃப் புதிதாக எடுத்தது" என்று விளம்பரத்தில் இருப்பதை நம்பி இறங்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தச் சோதனை பாதுகாப்பையும் புகையையும் பார்ப்பது. பேலன்ஸ் ஷாஃப்ட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். டீலரிடம் வாங்கினால் பழைய வண்டிக்கும் குறைந்தது ஒரு வருடம் சட்டப்படி அவர் பொறுப்பு. தனிநபர் ஒரு வரி எழுதி அந்தப் பொறுப்பைக் கழற்றிவிடலாம். 4,200க்கு விற்கிறவர் அநேகமாகத் தனிநபர்தான்.

வரியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டிக்கு 100 சிசிக்கு 6.75 யூரோ, 3.5 லிட்டருக்கு வருடம் 236 யூரோ சொச்சம். கடிப்பது இன்சூரன்ஸ்தான். ஊரில் பத்து வருடம் விபத்தில்லாமல் ஓட்டினேன் என்பது இங்கே பெரும்பாலும் எடுபடாது, அடிப்படியிலிருந்து தொடங்க வேண்டும். லைசென்ஸ் எடுத்தாயிற்றா? இந்திய லைசென்ஸ் இங்கே குடிவந்து ஆறு மாதம் வரைதான் செல்லும், பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. முதலில் அதற்குக் காசு ஒதுக்குங்கள்.

டீசல் இ கிளாஸ் பார்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அந்த வயது டீசல்கள் பெரும்பாலும் யூரோ 4 என்ற பழைய புகைத் தரத்தில் வந்தவை. 2019 முதல் ஸ்டுட்கார்ட் நகருக்குள் அவற்றுக்குத் தடை.

பென்ஸ் ஆசை விடவில்லையென்றால் 2007க்குப் பிறகு வந்த 'இ 200 கம்ப்ரசர்' என்ற மாடலைத் தேடுங்கள். நான்கு சிலிண்டர், சாதாரண ஹைட்ராலிக் பிரேக், இரும்பு ஸ்பிரிங். சர்வீஸ் புத்தகம் முழுதாக இருக்கட்டும்.

இதெல்லாம் படித்தபிறகும் சனிக்கிழமை அந்த இ 350ஐப் பார்க்கப் போவீர்கள் என்று தெரியும். போனால் எஞ்சின் எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள். பல்சக்கரம் மாற்றியபின் வந்த எஞ்சினா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.