ஸ்கேனை விடுங்கள், சிறுநீர்க் குழாயைப் பாருங்கள்

கேள்வி: என் கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து, மார்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவது எலும்பு நொறுங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. கால்களில் உணர்வில்லை, நிரந்தரமாகச் சிறுநீர்க் குழாய் உண்டு. சில மாதங்களாகத் திடீர் திடீரெனத் தலைவலி வந்து முகம் வியர்க்கிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் படுக்க வைக்கிறேன். மதுரையில் எடுத்த ஸ்கேனில் மூளையின் உச்சிப் பகுதி லேசாகச் சுருங்கியிருப்பதாக வந்திருக்கிறது. மறதி நோய் தொடங்கிவிட்டதா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: இல்லையம்மா. கால்களை அசைக்கவும் அவற்றின் தொடு உணர்வை அறியவும் உரிய இடம் மூளையின் உச்சியில், நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. கீழிருந்து செய்தி வராமலும் மேலிருந்து போகும் ஆணை கால்களைச் சேராமலும் ஆண்டுகள் கழியும்போது, அந்த இடம் சற்று மெலிவதைத் தண்டுவடம் அடிபட்ட பலரிடம் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நினைவுக்கு முக்கியமான பகுதியோ காதுக்கு நேர் உள்ளே, ஆழத்தில் இருக்கிறது. பெட்டிக்கடைக் கணக்கை இன்றும் அவர் மனத்திலேயே கூட்டிச் சொல்கிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதிய நீங்களே, இரவெல்லாம் கைப்பேசியைத் துழாவி அவருக்கு மறதி நோய் என்று முடிவு கட்டலாமா?

எனக்குக் கவலை தருவது, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தத் தலைவலிதான். மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பித் திணறினாலும் அது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் அடிபட்ட இடத்துக்குக் கீழேயுள்ள ரத்தக் குழாய்கள் அந்தத் தூண்டலால் இறுகிக்கொள்கின்றன, அவற்றைத் தளர்த்தச் சொல்லும் மூளையின் கட்டளை காயத்தைத் தாண்டி இறங்க முடியாததால் ரத்த அழுத்தம் மளமளவென்று ஏறுகிறது. தலை தெறிக்கிறது, முகம் சிவந்து வியர்க்கிறது, கால்கள் மட்டும் வெளிறிக் குளிர்ந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பும் மூளையில் ரத்தக் கசிவும் வரலாம்.

அந்த நேரத்தில் அவரைப் படுக்க வைப்பது அழுத்தத்தை இன்னும் ஏற்றும். மாத்திரையோ காரணத்தைத் தொடுவதே இல்லை. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, இடுப்பு வேட்டியைத் தளர்த்துங்கள். பிறகு குழாயைத் தொடக்கம் முதல் பை வரை விரலால் தடவிப் பாருங்கள்: தொடைக்கு அடியில் மடங்கியிருக்கலாம், உள்ளே மண்டி அடைத்திருக்கலாம், பை நிரம்பி வழியாமல் நின்றிருக்கலாம். அடைத்த குழாயை உடனே மாற்றியாக வேண்டும். குழாயில் குறையில்லை என்றால் மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் ஆகியவற்றைப் பாருங்கள். மலத்தை விரலால் எடுக்க முயலாதீர்கள். மரத்துப்போக வைக்கும் ஜெல் தடவாமல் எடுத்தால் அழுத்தம் மேலும் ஏறும்.

சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். மதுரைக்கு வர நினைத்து நேரத்தைக் கடத்தாமல் உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள், வழியிலும் உட்கார்ந்தபடியே வரட்டும். இவரைப் போன்றவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு வழக்கமாக 100-ஐ ஒட்டியே இருக்கும். திடீரென 140 காட்டினால் அது ஆபத்து. அங்கே இருப்பவர் அதைச் சாதாரணம் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். ஆகவே தலைவலி இல்லாத நாளில் அளந்த அளவையும், எந்த எலும்பில் அடி என்பதையும் ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.