பாட்டு, தப்ஸ், கீபோர்டு: இசை பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி இசையைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஷாஃபிஈ மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டத்தின் நான்கு வழிமுறைகளில் ஒன்று) ஓதியவன், வாத்தியங்களிலிருந்து தள்ளியே இருப்பவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இசை ஹராம் (மார்க்கத்தில் தடை) என்று குர்ஆனில் எந்த இடத்தில் இருக்கிறது, ஹஜ்ரத்?

அந்த வார்த்தையில் எங்கும் இல்லை. வழக்கமாகக் காட்டப்படுவது லுக்மான் அத்தியாயத்தின் 6ஆம் வசனம். 'லஹ்வல் ஹதீஸ்', அதாவது வீண் பேச்சை விலைக்கு வாங்கி மக்களை அல்லாஹ்வின் பாதையிலிருந்து திருப்புகிறவர்களை அது கண்டிக்கிறது. அது பாட்டுத்தான் என்று நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) சத்தியமிட்டே சொன்னார்கள். வேறு விரிவுரையாளர்கள் நள்ர் பின் ஹாரிஸைச் சுட்டுகிறார்கள். பாரசீக மன்னர்களின் கதைகளைக் கொண்டுவந்து, குர்ஆனைவிட இது சுவையாக இருக்கிறது கேளுங்கள் என்று மக்காவாசிகளை இழுத்தவன் அவன்.

ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் (994-1064) 'வழிகெடுப்பதற்காக' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். மக்களை வழிகெடுக்கவென்று ஒருவன் குர்ஆன் பிரதியையே வாங்கினாலும் அவன் குற்றவாளிதானே, அதற்காகக் குர்ஆன் வாங்குவது குற்றமாகிவிடுமா என்று கேட்டார். கூர்மையான ஆள். ஆனால் இப்னு மஸ்ஊதின் சத்தியத்தை அவ்வளவு சுலபமாகத் தாண்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

இமாம் புகாரியின் நபிமொழித் தொகுப்பில் இருக்கும் இசைக்கருவி ஹதீஸ் பலவீனமானது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

'என் சமுதாயத்தில் சிலர் விபசாரத்தையும் பட்டுத்துணியையும் மதுவையும் இசைக்கருவிகளையும் ஹலாலாக்கிக்கொள்வார்கள்' என்ற கருத்தில் வரும் ஹதீஸைத்தான் கேட்கிறீர்கள். இதன் அறிவிப்பாளர் தொடர் (யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற சங்கிலி) அறுந்திருக்கிறது என்று சொன்னதும் அதே இப்னு ஹஸ்ம்தான். காரணம், இமாம் புகாரி இந்த இடத்தில் 'ஹிஷாம் பின் அம்மார் எங்களுக்கு அறிவித்தார்' என்று சொல்லாமல் 'ஹிஷாம் கூறினார்' என்று மட்டும் சொல்கிறார். ஆனால் ஹிஷாம் புகாரியின் சொந்த ஆசிரியர். மற்ற நூல்களில் இதே ஹதீஸ் அறுபடாத தொடரோடு வந்திருப்பதை இப்னு ஹஜர் அஸ்கலானி தேடித் தொகுத்துக் காட்டிவிட்டார். ஆகவே பலவீனம் என்ற பேச்சு என் பார்வையில் முடிந்த கதை.

அர்த்தத்தில்தான் இன்னும் பேச இடமிருக்கிறது. தடை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா, அல்லது குடியும் கூத்தும் சேர்ந்த அந்தக் கேளிக்கைக்கா? கூட்டாகத்தான் என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: மது தனியாக இருந்தாலும் ஹராம்தானே?

அப்படியென்றால் நபி (ஸல்) வீட்டிலேயே பெண்பிள்ளைகள் பாடினார்களே, அது எப்படி?

பாடினார்கள். பெருநாள் அன்று இரண்டு சிறுமிகள் நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) வீட்டில் தஃப் (நாம் தப்ஸ் என்று சொல்லும் கைப்பறை) தட்டி, இஸ்லாத்துக்கு முன் மதீனாவில் நடந்த புஆஸ் போரின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்த அபூபக்ர் (ரலி), 'நபியின் வீட்டில் ஷைத்தானின் குழலா?' என்று அதட்டினார்கள். நபியவர்களோ, 'விடுங்கள் அபூபக்ரே, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம் பெருநாள்' என்றார்கள். இந்த ஒரே ஹதீஸை இரண்டு தரப்பும் எடுத்துப் பேசுவதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஷைத்தானின் குழல் என்று சொன்னதை நபி மறுக்கவில்லையே, பெருநாளுக்கு மட்டும்தானே விலக்கு என்பார்கள் தடை என்கிறவர்கள். அடிப்படையிலேயே ஹராம் என்றால் பெருநாளில் மட்டும் எப்படி ஆகும் என்பார்கள் அனுமதி என்கிறவர்கள்.

எனக்கு நபித்தோழி ருபய்யிஉ (ரலி) அவர்களின் கல்யாணச் செய்திதான் இதைவிடப் பிடிக்கும். சிறுமிகள் தஃப் அடித்து பத்ர் போரில் ஷஹீதானவர்களை (உயிர்நீத்தவர்களை)ப் பாடுகிறார்கள். ஒரு சிறுமி, 'நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடம் இருக்கிறார்' என்று இடையில் சேர்த்துவிடுகிறாள். 'அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடு' என்றார்கள் நபியவர்கள். திருத்தியது வரியை. தஃபைக் கீழே வைக்கச் சொல்லவில்லை.

நம் ஷாஃபிஈ கிதாபுகளில் உண்மையில் என்னதான் இருக்கிறது?

ஷாஃபிஈ சட்ட அறிஞர் இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' நூலில் அந்தப் பகுதி நீளமில்லை, ஆனால் ருசியானது. யாழ், வீணை போன்ற நரம்புக் கருவிகள் ஹராம். தஃபுக்கு அனுமதி உண்டு, கல்யாணத்துக்கும் கத்னாவுக்கும் (சுன்னத்துக்கும்) மட்டுமல்ல, மற்ற சமயங்களிலும், சலங்கை கோத்திருந்தாலும் சரி. 'கூபா' ஆகாது. அது இடை சிறுத்த நீண்ட மத்தளம். உடுக்கையை மனதில் நினைத்துக்கொள் என்பார் எங்கள் உஸ்தாத்.

அப்புறம் ஆட்டிடையர் ஊதும் நாணல் குழல். மின்ஹாஜ் என்பது இமாம் ராஃபிஈயின் நூலை நவவி சுருக்கியது. ராஃபிஈ குழலுக்கு அனுமதி தருகிறார். நவவி அதை அப்படியே எழுதிவிட்டு, உடனே 'நான் சொல்கிறேன், அது ஹராம் என்பதே சரி' என்று சேர்க்கிறார். மத்ஹபின் இரண்டு தூண்கள் ஒரே வரியில் வேறுபடுகிறார்கள். இதை ஓதிய பிறகும் சிலர் மேடையில் 'இதில் இரண்டு பேச்சே கிடையாது' என்று முழங்குவதுதான் எனக்குப் புரிவதில்லை.

நாகூர் ஹனிபா பாட்டு கேட்கலாமா? என் வாப்பாவுக்கு அது இல்லாமல் பொழுது விடியாது.

குரலைப் பொறுத்தவரை சிக்கலே இல்லை. நல்ல கருத்தை நல்ல குரலில் பாடுவது யாரிடமும் பெரிய குற்றமல்ல. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) ஓதிய குரலை தாவூத் நபி குடும்பத்தாரின் குழலோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள் நபியவர்கள். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா' என்ற தம் நூலில் இதற்கென்றே தனிப் பகுதி எழுதியிருக்கிறார். குயில் கூவுவதைக் கேட்பது ஹராமில்லை என்றால் மனிதக் குரலின் இனிமை மட்டும் எப்படி ஹராமாகும் என்ற போக்கில் போகும் அவர் வாதம். ஆனால் குடிகாரர்களின் அடையாளமாக இருந்த நரம்பு, குழல் கருவிகளை அவரும் அனுமதிக்கவில்லை. ஹனிபா பாட்டில் பின்னணி வாத்தியம் இருக்கிறது, பேச்சு அங்கேதான் வருகிறது. தப்ஸ் மட்டும் அடித்துப் பாடிய பாட்டுகள் நிறைய உண்டு, வாப்பாவுக்கு அவற்றையும் போட்டுக் கொடுங்கள். விடியற்காலையில் மனிதரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

நிக்காஹ்வுக்கு டிஜே வைக்கலாமா?

வேண்டாம். ஹலாலையும் ஹராமையும் பிரித்துக் காட்டுவது நிக்காஹ்வில் எழும் தஃபும் குரலும் என்று ஹதீஸ் இருக்கிறது. ஊருக்குத் தெரியும்படி சந்தோஷப்பட அது போதும். இரவு பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் திடுக்கிட எழுப்பும் ஸ்பீக்கருக்கு இசை பற்றிய ஃபத்வாவே தேவையில்லை. அண்டை வீட்டாரின் உரிமை ஒன்றே அதைத் தடுக்கப் போதும்.

பாட்டு கேட்டால் மறுமையில் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள் என்று மதரஸாவில் சொல்லித்தந்தார்கள்.

பாடகியின் பாட்டைக் கேட்பவருக்கு அப்படி என்று வரும் செய்தி இட்டுக்கட்டப்பட்டது. புகாரியில் ஈயம் பற்றி ஒரு ஹதீஸ் இருப்பது உண்மை. ஆனால் அது மற்றவர்கள் விரும்பாத நிலையில் அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்பவருக்கு. நம்மில் பலர் அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பஸ்ஸில் பாட்டு போடுகிறார்கள். எனக்குப் பாவமா?

காதில் விழுவது வேறு, காது கொடுத்துக் கேட்பது வேறு. உங்கள் மீது குற்றமில்லை.

தம்பி கீபோர்டு கற்றுக்கொள்கிறான். அதற்காக வாப்பா ஆறு மாதமாக அவனோடு பேசுவதில்லை. நான் யார் பக்கம் நிற்பது?

வாப்பாவின் கருத்து நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மையானவர்களின் கருத்து. என் கருத்தும் அதுவே. தம்பிக்கும் பிடித்துக்கொள்ள ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இருக்கிறார்கள். எகிப்தின் அல்அஸ்ஹர் கல்வி நிலையத்தின் தலைவரான ஷைகாக இருந்த மஹ்மூத் ஷல்தூத், யூசுஃப் அல்கர்ளாவி போன்றோர், ஆபாசமும் மதுவும் தொழுகையை மறக்கடிப்பதும் இல்லாதவரை இசைக்கு இடம் தந்தவர்கள். நாதஸ்வரத்துக்கே வாழ்வைக் கொடுத்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவும் (1924-1999) ஒரு முஸ்லிம்தான். அவரை மார்க்கத்தைவிட்டு வெளியே தள்ள எனக்கு அதிகாரமில்லை.

ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாளைக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது கூடாது என்ற ஹதீஸிலோ யாருக்கும் தகராறு இல்லை. வாப்பாவிடம் அதை நீங்கள் போய்ச் சொன்னால் கோபம் இரண்டு மடங்காகும். பள்ளிவாசல் இமாமிடம் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவர் பக்குவமாகப் பேசட்டும். தம்பியிடமும் சொல்லிவையுங்கள்: வாப்பா வீட்டில் இருக்கும்போது ஹெட்ஃபோனை மாட்டிக்கொள், பாங்கு சொன்னால் கீபோர்டை மூடிவை.