கெர்னல் வேலைக்குப் போக நினைக்கும் மகள்: ஓர் அப்பாவுக்குப் பதில்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் வெப்சைட், ஆப் என்று போகும்போது, மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் மட்டும் "ஆப்பரேட்டிங் சிஸ்டம் கெர்னலில் மெமரி வேலைதான் செய்வேன்" என்கிறாள். அப்படி ஒரு வேலை உண்டா, சோறு போடுமா என்பது உங்கள் கவலை. உண்டு ஐயா, நன்றாகவே போடும். ஆனால் பெரும்பாலும் கேம்பஸ் இன்டர்வியூவில் தேடி வராது.

அவள் எதைச் சொல்கிறாள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. கம்ப்யூட்டரின் நினைவகத்தை, அதாவது மெமரியை, அது புரோகிராம்களுக்குப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கிறது. சாதாரண லேப்டாப்பில் ஒரு பக்கம் 4096 பைட். 8 ஜிபி என்றால் சுமார் 21 லட்சம் பக்கங்கள். யாருக்குக் கொடுப்பது, யாரிடமிருந்து திரும்ப வாங்குவது என்பதைக் கெர்னல்தான் முடிவு செய்யும். ஆனால் எந்தப் பக்கம் இனித் தேவையில்லை என்பது அந்தந்த புரோகிராமுக்குத்தான் தெரியும். வாய்க்கால் ஷட்டர், தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர் கையில் இருந்தாலும், வயலுக்குத் தண்ணீர் போதும் என்று நீங்கள் போய்ச் சொன்னால்தானே அது கடைமடைக்குப் போகும்? லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில், புரோகிராம் கெர்னலிடம் அப்படிச் சொல்வதற்கான அழைப்புக்கு 'எம்-அட்வைஸ்' என்று பெயர்.

அதை எப்படிச் சொல்ல வைப்பது என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. 'டோன்ட்-நீட்' என்று சொன்னால் கெர்னல் பக்கத்தை அப்போதே எடுத்துக்கொள்ளும். மறுபடி தொட்டால் பூஜ்ஜியம் நிரப்பிய புதுப் பக்கம் தர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். 2016-இல் வந்த லினக்ஸ் 4.5, 'ஃப்ரீ' என்ற இன்னொரு வழியைச் சேர்த்தது: தட்டுப்பாடு வந்தால் மட்டும் எடுத்துக்கொள் என்று அர்த்தம். நேரச் செலவு குறைவு என்பதால் 'கோ' என்ற புரோகிராமிங் மொழி 2019-இல் இதற்கு மாறியது. ஆனால் விட்டுக்கொடுத்த நினைவகமும் புரோகிராமின் கணக்கிலேயே காட்டியதால் பயன்படுத்தியவர்கள் குழம்பினார்கள். 2021-இல் கோ பழைய முறைக்கே திரும்பியது. வேகம் மட்டும் பார்த்தால் போதாது, பார்க்கிறவருக்குக் கணக்கும் புரிய வேண்டும். அதோடு, புரோகிராம்கள் நம்பியிருக்கும் ஓர் அழைப்பைப் பின்னாளில் உடைக்கக்கூடாது என்பது லினக்ஸின் கண்டிப்பான விதி. இவ்வளவையும் முன்கூட்டியே யோசிக்கிறவர்கள் குறைவு. சிப், கிளவுட், செல்போன், டேட்டாபேஸ் நிறுவனங்கள் இப்படிப்பட்டவர்களைத்தான் தேடுகின்றன.

நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கட்டி ஒரு கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். இதற்கு வேண்டியது எல்லாம் இலவசம். சி மொழி கைக்கு நன்றாகப் பழகட்டும். பிறகு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்ன இயங்குதளத்தை வரிக்கு வரி படித்து, அதில் தானே ஓர் அழைப்பைச் சேர்த்துப் பார்க்கட்டும். அதன்பின் லினக்ஸ். அங்கே அவள் அனுப்பும் திருத்தம் ஏற்கப்பட்டால் அவள் பெயரோடு எல்லாரும் பார்க்கும்படி நிற்கும். கெர்னல் குழுக்களின் நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

கூடவே எம்.டெக் சேர்வதற்கான கேட் தேர்வுக்கும் படிக்கட்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதில் ஒரு பாடம். நல்ல மதிப்பெண் வந்தால் பக்கத்திலேயே திருச்சி என்ஐடி, இல்லையென்றால் சென்னை ஐஐடி. கேம்பஸில் வேறு வேலை கிடைத்தாலும் சேரட்டும். சம்பளம் வாங்கிக்கொண்டே ராத்திரியில் கெர்னல் படிக்கலாம். இரண்டு மூன்று வருடம் பிடிக்கும், அதுவரை "என்னம்மா ஆச்சு" என்று அவளை நெருக்காதீர்கள்.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் லேப்டாப்பில் மெமரியை 16 ஜிபி ஆக்கிக் கொடுங்கள். கெர்னலைக் கம்பைல் செய்து, லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பார்க்க அது நிச்சயம் உதவும்.