கல்லறை மேல் ஒரு குடம்

அன்புள்ள ஐயா,

பிள்ளைகளைக் கெல்லி காசல் என்ற, பாதியில் நின்றுபோன பழைய மாளிகைக்கு அழைத்துப் போனபோது பத்து காஜாவில் உள்ள பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்தோம். ஒரு கல்லறையில் தூண் பாதியில் முறிந்து நிற்கிறது. யாராவது உடைத்துவிட்டார்களா? இன்னொன்றின் மேல் துணி போர்த்திய குடம். "நம்ம கொள்ளிக்குடம் மாதிரி இருக்கே" என்றார் அம்மா. வெள்ளைக்காரர்களுக்கு இவ்வளவு கலை. எங்கள் தோட்டத்து மயானத்தில் வெறும் சிமெண்டு மேடுகள்தான். நமக்கு அந்த ரசனை இல்லையா?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள வாசகிக்கு,

தூணை யாரும் உடைக்கவில்லை. முறிந்தது போலவே செதுக்கி வைப்பது விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் வழக்கம். பாதியில் போன ஆயுள் என்று அர்த்தம். இளம் வயதில் இறந்தவருக்கும், குடும்பத்தைத் தாங்கி நின்றவருக்கும் இதை வைத்தார்கள். சந்தேகம் இருந்தால் முறிந்த வாயை உற்றுப் பாருங்கள், உளி வேலை தெரியும். சில ஊர்களில் அந்த முறிவின் மேலேயே ஒரு மலர் வளையமும் செதுக்கியிருப்பார்கள். சிலுவைக்குக் கீழே மூன்று படி இருந்தால் அது விசுவாசம், நம்பிக்கை, அன்பு. நங்கூரம் இருந்தால் இறந்தவர் கப்பல்காரர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், பைபிளில் நம்பிக்கைக்கு நங்கூரம்தான் உவமை. ஆட்டுக்குட்டி என்றால் பெரும்பாலும் குழந்தை.

அம்மா கேட்டது நல்ல கேள்வி. அந்தக் குடம் கிரேக்கரிடமும் ரோமானியரிடமும் இருந்து வந்தது. எரித்த சாம்பலைச் சேர்த்து வைக்கும் கலசம். ஆங்கிலேயர் அப்போது பிணத்தை எரிக்கவில்லை, புதைத்தார்கள். ஆனாலும் கலசத்தைச் சாவின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். மேலே கிடக்கும் துணி, இருப்பவர்களுக்கும் போனவர்களுக்கும் நடுவிலுள்ள திரை. நம் கொள்ளிக்குடத்தில் இருப்பது தண்ணீர். தோளில் வைத்து மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு துளை, கடைசியில் முதுகுப் பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். அவர்கள் நிறுத்தி வைக்கிறார்கள், நாம் உடைக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. சொந்தம் தேடுவதாக இருந்தால் தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூருக்குப் போகலாம். அங்கே 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த தாழிகளில் நம் முன்னோரின் எலும்போடு இரும்பும் வெண்கலமும் இருந்தன. குடத்தையும் சாவையும் சேர்த்து நினைப்பது நமக்கும் பழைய பழக்கம்தான்.

ஆனால் ரசனை இல்லை என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பளிங்குக் கல்லறைக்குப் பணம் வேண்டும், கல்தச்சர் வேண்டும், சொந்த நிலம் வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்களுக்கு இதில் எது இருந்தது? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில் பாதையையே பாருங்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குப் பராமரிக்கப்படும் கல்லறைகள் இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து அதே ரயில் பாதைக்குப் போய் மாண்ட ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு ஆளுக்கொரு கல் கிடையாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும்.

கை வேலைக்கு வாய்ப்புக் கிடைத்த இடத்தில் நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதை நீங்கள் போன கெல்லி காசல் பக்கத்திலேயே பார்க்கலாம். 1918 விஷக் காய்ச்சலில் வேலையாட்கள் பலர் இறந்த பிறகு எழும்பிய மாரியம்மன் கோயில் அது. அதன் மேலே சுதைச் சிற்பங்களுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக, அந்த மாளிகையைக் கட்டிய தோட்ட முதலாளி கெல்லி துரை நிற்கிறார். அவர் 1926இல் லிஸ்பனில் இறந்தார். இங்கே அவரை நினைவில் நிறுத்தி வைத்திருப்பது தமிழர் வணங்கும் கோயில். தெய்வங்களோடு ஒரு துரையை நிறுத்தத் துணிந்த கைகளுக்கு ரசனை இல்லை என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சிமெண்டு மேடுகளை இன்னொரு முறை போய்ப் பாருங்கள். தலைமாட்டில் கையளவு விளக்கு மாடம் இருக்கும், உள்ளே கரி படிந்திருக்கும். ஈரம் காய்வதற்குள் ஆணியால் கீறிய சூலமோ பெயரோ இருக்கலாம். எழுத்து கோணலாகப் போகும், வரிக்கு இடம் போதாமல் கடைசி எழுத்து கீழே இறங்கும். கூலி வாங்கிச் செதுக்குபவர் அப்படி எழுத மாட்டார். மகனோ தம்பியோ எழுதியது. பளிங்கு தேவதையைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பளிங்கிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். பல கற்களில் ஈய எழுத்துகளைத் துளைகளில் அடித்துப் பதித்திருப்பார்கள். காலப்போக்கில் ஈயம் விழுந்துவிடும், துளைகள் மட்டும் நிற்கும். அந்தத் துளைகளின் வரிசையை வைத்தே பெயரைப் படித்துவிடலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆணியால் கீறிய நம் எழுத்துகளுக்கும் இதே வழிதான். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், குளோராக்ஸ் மாதிரி ப்ளீச் ஊற்றாதீர்கள். அப்புறம் படிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

தோட்டங்கள் கைமாறுகின்றன, வீடமைப்பு வருகிறது, மயானங்கள் காணாமல் போகின்றன. இது உங்களுக்கும் தெரியும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த மேடு யாருடையது, எந்த லயத்தில் இருந்தார், கட்டிய கொத்தனார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன்பு படையல் போடப் போகிறவர்கள் சுத்தம் செய்து வெள்ளை அடித்துவிடுவார்கள், கீறல் எல்லாம் சுண்ணாம்பில் மூடிவிடும். அதற்கு முந்தைய வாரமே போய்விடுங்கள்.